படுவான்கரைக் கடைகள்

கலவை அறைக்கு நுஸ்ரா போனது ஸ்கேனரைப் பார்க்கத்தான். சுவரில் மாட்டிய திரை ஒழுங்காக வேலை செய்கிறது, கையில் பிடிக்கிற ஸ்கேனர்தான் அடிக்கடி செத்துப்போகிறது என்று காலையிலிருந்தே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பும்போது, மூலையிலிருந்த குப்பைக் கூடைக்குள் வெள்ளி நிறத்தில் ஒரு வெற்றுப் பக்கட் கிடந்தது. அவள் அதைக் கடந்து போனாள். கதவருகில் நின்றாள். திரும்பி வந்து அதை எடுத்து விரித்தாள்.

பெரிய பக்கட். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்தாலும் மறையாது.

காத்தான்குடியில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் அந்தத் தொழிற்சாலையில் கைக்குழந்தைகளுக்கான சத்துமா செய்கிறார்கள். ஊரில் அதற்குக் ‘கபூர் மா’ என்று பெயர். அரிசி, பயறு, கடலை, சோளம் எல்லாவற்றையும் வறுத்து அரைத்து, கடைசியாக இரும்பும் விற்றமினும் சேர்ந்த ஒரு தூளைக் கலப்பார்கள். அந்தத் தூளைப் பிறிமிக்ஸ் என்பார்கள். அது கொழும்பிலிருந்து வரும், உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னப் பக்கட்டில். ஒரு கலவைக்கு நாலு பக்கட். நுஸ்ராவுக்குத் தெரிந்த பிறிமிக்ஸ் அதுதான்.

“கைறுன்னிஸா ராத்தா, இது எப்ப இருந்து வருது?”

கலவைப் பகுதிக்குப் பொறுப்பான கைறுன்னிஸா முகத்துணியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். “கொஞ்ச நாளா இதுதானே. வேற கொம்பனிட பக்கட்.”

“ஒரு கலவைக்கு எத்தின போடுறீங்க?”

“நாலு.” அவள் சுவர்த் திரையைக் காட்டினாள். “அதுல நாலெண்டுதானே கிடக்கு. போட்டு முடிஞ்சா பச்சை விழுது.”

பச்சை விழுந்துதான் இருந்தது. ‘பிறிமிக்ஸ் – 4 பக்கட்’ என்ற வரிக்குப் பக்கத்தில் அழகான பச்சைச் சரி அடையாளம். அந்த நாலைத் திரையில் ஏற்றியவள் நுஸ்ரா. அவள் பக்கட்டின் ஓரத்தைத் திருப்பி நிறையை வாசித்தாள். பழைய பக்கட் நூறு கிராம். இது ஐந்நூறு.

ஐந்து மடங்கு இரும்பு.

காலையில் யசோதினி சொன்னது அப்போதுதான் காதுக்குள் மறுபடி கேட்டது. யசோதினி தரக்கட்டுப்பாட்டில் இருப்பவள். நாவற்குடாக்காரி. “நாவற்குடாவில இருந்து ஒரு தாய் போன் எடுத்தவ நுஸ்ரா. மாவக் குடுத்தா பிள்ள குடிச்சதெல்லாம் சத்தி எடுக்குதாம். மலம் தார் மாதிரிக் கறுப்பாப் போகுதாம்.” நுஸ்ரா கணினியிலிருந்து தலையைத் தூக்காமல், “பல்லு முளைக்கிற வயசா இருக்கும்” என்று சொல்லியிருந்தாள்.

அவள் பக்கட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். ஓடினால் யாராவது கவனிப்பார்கள் என்ற பயத்தில் நடந்தாள்.

அந்தத் திரைக்குப் பின்னாலிருந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவளும் நுஸ்ராதான். கொழும்பு சுப்பர்மார்க்கெட்டுகள் ஒவ்வொரு பக்கட்டும் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கேட்கத் தொடங்கிய பிறகு, முதலாளி அப்துல் கபூர் ஹாஜியார் அவளைக் கூப்பிட்டு, “நீதான் பாத்து ஒண்ட எடுக்கணும் மகள்” என்று பொறுப்பைக் கொடுத்தார். மூன்று நிறுவனங்கள் வந்து காட்டின. ஒன்றில் திரை முழுக்க ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் விபரங்கள்; சத்துமா செய்தால் எப்படியிருக்கும் என்று கேட்டதற்குக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். இன்னொன்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடைந்தது. மூன்றாவதைக் கொண்டுவந்தவன் றிஸ்வி. கலவை இலக்கத்தை அடித்தால், உள்ளே போன தானியத்திலிருந்து மாப் பக்கட் போய்ச் சேர்ந்த கடைவரைக்கும் அவனுடைய திரை கோடு கோடாக விரிந்தது. ஹாஜியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நாளைக்கு ஒரு பிழை வந்தா இது சொல்லுமா தம்பி?”

“சொல்லும் ஹாஜியார்” என்றான் றிஸ்வி.

பிறகு மாதக்கணக்கில் பொருள்களின் விபரங்களை ஏற்றினார்கள். பிறிமிக்ஸுக்கு அலகு என்ன என்று திரை கேட்டது. களஞ்சியத்தில் எல்லோரும் பக்கட் என்றுதான் சொல்வார்கள். அவள் ‘பக்கட்’ என்று அடித்தாள். அதற்குக் கீழே, ஒரு பக்கட்டின் நிறை என்ன என்று இன்னொரு பெட்டி இருந்தது. பிறகு நிரப்பலாம் என்று வெறுமையாக விட்டாள். திரை ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது.

முன்பெல்லாம் பக்கட்டின் அளவு மாறினால் யசோதினி கலவை அறைச் சுவரில் ஒட்டிய அட்டையைத் திருத்திவிடுவாள். புதிய முறை தொடங்கிய அன்று அந்த அட்டையைக் கழற்றச் சொன்னது நுஸ்ரா. இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு இருக்கக் கூடாது என்றாள். அதற்குச் சில நாள்களின் பின் யசோதினி வட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: ‘புது பிறிமிக்ஸ் பக்கட் பெருசு. சிஸ்டத்தில மாத்திட்டியா?’ அன்றைக்கு விலைப்பட்டியல் ஒன்றும் அச்சாகாமல் லொறிகள் வாசலில் வரிசையாக நின்றன. நுஸ்ரா பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு மறந்துபோனாள்.

அவள் தன் அறைக் கதவைச் சாத்தி, பக்கட்டை எடுத்து மேசையில் விரித்தாள். கைப்பேசியை எடுத்தாள். முதலில் அழைத்தது வீட்டுக்கு.

“ராத்தா, இஷாமுக்கு மாக் கரைச்சுக் குடுத்தியா?”

மறுமுனையில் அவளுடைய அக்கா, இஷாமின் தாய் நஸீபா சிரித்தாள். “இப்பதான் அடுப்புல வச்சிருக்கன். ஏன்கா?”

“குடுக்காத. கொட்டு. நேற்றுக் குடுத்தியா?”

“நேற்றுப் பழைய பக்கட். நீ கொண்டுவந்தத இண்டைக்குத்தான் உடைச்ச. என்னடி, என்ன நடந்த?”

“கொட்டு ராத்தா. மறுகா சொல்றன்.”

கைப்பேசியை வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. வாவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனையோ அடுப்புகளில் அந்த மா கொதித்துக்கொண்டிருக்கும். அவள் ஒரே ஓர் அடுப்பைத்தான் அணைத்திருக்கிறாள்.

கதவைத் தட்டிக்கொண்டு யசோதினி வந்தாள். மேசையில் விரித்துக் கிடந்த பக்கட்டைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது.

“மாத்தேல்லயா?” என்றாள்.

நுஸ்ரா தலையை ஆட்டினாள்.

“நீ கட்டைவிரல் போட்டியே நுஸ்ரா.”

“போட்ட.”

யசோதினி கதிரையில் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் நுஸ்ராவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “கைக்குழந்தைக்கு இரும்பு கூடினா ஈரலத் தாக்கும்” என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். “வா, ஹாஜியாரிட்டப் போவம்.”

ஹாஜியாரின் அறை யன்னலுக்கு வெளியே வாவி வெயிலில் தகதகத்தது. நுஸ்ரா சொல்லி முடிக்கும்வரை அவர் பேனா மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர். வெறுங்கையோடு தொடங்கி இந்த இடத்துக்கு வந்தவர்.

“ஒரு தாய்தானே போன் எடுத்த?” என்றார். “கொழும்புக்கு லாபுக்கு அனுப்புவம். முடிவு வரட்டும். அதுக்கு முதல் நாம வாயத் திறந்தா கபூர் மாவெண்ட பேரே இல்லாமப் போயிரும். இருநூறு குடும்பம் இதுல சோறு திங்குது.”

யசோதினி பேச வாயெடுத்தாள். ஹாஜியார் கையைக் காட்டினார். “நான் மறைக்கச் சொல்லல்ல. ரெண்டு மூணு நாள் பொறுப்பமெண்டுதான்.”

நுஸ்ராவுக்குப் பொலிஸ், வழக்கு, பத்திரிகையில் தன் பெயர் எல்லாம் கண்முன்னே வந்தன. பொறுப்போம் என்ற அந்தச் சொல் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதும் அவளைப் பயமுறுத்தியது. தலையை ஆட்டிவிட்டால் போதும்.

“ஹாஜியார்” என்றாள். “நான் எங்கட வீட்ட போன் எடுத்துச் சொல்லிட்டன்.”

“என்ன சொன்ன?”

“ராத்தாட புள்ளைக்கு அந்த மாவக் குடுக்காத, கொட்டு எண்டு. உங்களுக்கிட்டச் சொல்ல முதல் அதைத்தான் சொன்ன. என்ட வீட்டுப் புள்ளைக்கு மூணு நாள் பொறுக்க என்னால ஏலல்ல.”

பேனா மூடி நின்றது. ஹாஜியார் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் இலக்கத்தைத் தானே அழுத்தினார். சலாம் சொன்னார். “எங்கட மாவுல பிழை நடந்திருக்கு” என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய கண்கள் மூடியிருந்தன. அழைப்பு முடிந்ததும் நுஸ்ராவைப் பார்த்தார். “இவ்வளவு பாடுபட்டு வச்ச அந்தச் சிஸ்டத்தத் திற. எங்கெங்க போயிருக்கெண்டு பாரு.”

பெரிய பக்கட் வந்த பிறகு நடந்த கலவைகளின் இலக்கங்களை அவள் அடித்தாள். கோடுகள் விரிந்தன. காத்தான்குடிக் கடைகள், நாவற்குடாக் கடைகள், ஆரையம்பதி, குருக்கள்மடம், தேற்றாத்தீவு. ஒவ்வொரு கடையின் பெயரும், வாங்கிய பெட்டியும், முதலாளியின் தொலைபேசி இலக்கமும். கொழும்புக்குப் போக வேண்டிய லொறி இன்னும் களஞ்சிய வாசலிலேயே நின்றது. அறைக்குள் ஆள்கள் கூடினார்கள். ஆளுக்கொரு ஊரைப் பிரித்து அழைத்தார்கள். வான் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், கோயில்களுக்கும் சொல்லியனுப்பினார்கள். மத்தியானத்துக்குள் திரையில் ஒவ்வொரு வரியாக மீட்கப்பட்டது என்று மாறத் தொடங்கியதும் நுஸ்ராவின் நெஞ்சு சற்றுத் தணிந்தது. 

கடைசி வரிக்கு வந்தாள்.

‘படுவான்கரைக் கடைகள்.’

அவ்வளவுதான். பெயர் இல்லை, ஊர் இல்லை, தொலைபேசி இல்லை. அதற்கு நேரே நாற்பது பெட்டி.

வாவிக்கு அக்கரையில் பல இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை. விற்பனை வானில் கொண்டுபோகும் கருவி அங்கே அடிக்கடி நின்றுபோனது. புதிய முறை தொடங்கிய பரபரப்பில் ஒவ்வொரு கடையையும் தனித்தனியாகப் பதிய நேரமில்லாமல், எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டுவிடும்படி நுஸ்ராதான் ஏற்பாடு செய்திருந்தாள். தற்காலிகமாகத்தான்.

அக்கரைக்கு வான் ஓட்டும் ஜிப்ரியைக் கூப்பிட்டார்கள். அவன் உதட்டை நக்கிக்கொண்டே நின்றான்.

“அம்பிளாந்துறையில குடுத்த, மிஸ். முனைக்காட்டுல குடுத்த. கொக்கட்டிச்சோலைக்குள்ள நாலஞ்சு கடை. இடையில மறிச்சுக் கேட்டவங்களுக்கும் குடுத்திருப்பன். சத்தியமா எல்லாம் ஞாபகமில்ல.”

ஒவ்வொரு கடையாகப் போவதைத் தவிர வழியில்லை. ஜிப்ரி வானோடு மண்முனைப் பாலத்தால் சுற்றிப்போய் கொக்கட்டிச்சோலையிலிருந்து தெற்கே இறங்குவது, நுஸ்ராவும் யசோதினியும் குருக்கள்மடத்தில் பாதையேறி அம்பிளாந்துறையிலிருந்து வடக்கே வருவது என்று முடிவாயிற்று.

பாதை என்கிற அந்தத் தட்டைப் படகு மோட்டார் சைக்கிள்களையும் சனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியின் குறுக்கே மெல்ல நகர்ந்தது. காற்றில்லை. தண்ணீர் எண்ணெய் போலக் கிடந்தது. நுஸ்ரா ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, ஏறியவர்களின் கைகளில் இருந்த குழந்தைகளைப் பார்த்தாள். பிறகு பைகளைப் பார்த்தாள். கம்பியோரமாக நின்ற ஒருத்தியின் வலைப் பைக்குள், கத்தரிக்காய்க்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே, மஞ்சள் நிறப் பக்கட் ஒன்று தெரிந்தது. கபூர் மா.

யசோதினியும் கண்டுவிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

படகு நிறையச் சனம். எல்லோரும் கேட்கப்போகிறார்கள். காத்தான்குடியில் செய்த மா படுவான்கரைப் பிள்ளைகளுக்கு நஞ்சானது என்று ஒரு சொல் புறப்பட்டால், அக்கரையில் இறங்குவதற்குள் அது என்னவாக மாறும் என்று நுஸ்ராவுக்குத் தெரியும். தலையில் போட்டிருந்த முக்காட்டை அவளுடைய கை தன்னையறியாமல் இழுத்துச் சரிசெய்தது.

“நான் சொல்லட்டா?” என்று யசோதினி கேட்டாள்.

“இல்ல. நான் சொல்றன்.”

அவள் அந்தப் பெண்ணிடம் போனாள். “அக்கா, நான் இந்த மா செய்யிற இடத்துல இருந்து வாறன். இதுல மருந்துத் தூள் கூடிப்போயிற்று. எங்கட பிழை. பிள்ளைக்குக் குடுக்காதேங்க.”

பேச்சுகள் ஒவ்வொன்றாக நின்றன. மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்த ஒருவன் நிமிர்ந்தான். “என்னகா சொல்றீங்க? நஞ்சா?”

“சத்துத் தூள்தான். ஆனா அஞ்சு மடங்கு. சின்னப் பிள்ளையளுக்கு அது ஆகாது. எங்கட வீட்டுப் பிள்ளைக்கும் இதே மாவத்தான் கரைச்ச. இண்டைக்குக் காலைலதான் தெரிய வந்த. எல்லாத்தையும் திருப்பி எடுக்கத்தான் வாறம்.” சொல்லிக்கொண்டே கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்களுக்குச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு நேரமா?” என்று ஒரு குரல் பின்னாலிருந்து கேட்டது. நுஸ்ரா பையை நோக்கிக் கையை நீட்டினாள்.

பையை வைத்திருந்த பெண் பக்கட்டை எடுத்து, சுடுகிற பொருளைப் போல நுஸ்ராவின் கையில் வைத்தாள். “நான் இன்னும் உடைக்கல்ல. எங்கட பக்கத்து வீட்டுச் சுகந்தினிதான் பிள்ளைக்கு இதக் குடுக்கிறவ. அவட பொடியனுக்கு நாலஞ்சு நாளா ஒண்டும் ஏலாமக் கிடக்கு.”

அக்கரையில் இறங்கியதும் யசோதினி துறையடியிலேயே ஓர் ஓட்டோவைப் பிடித்துக் கடைகளுக்குப் போனாள். மோட்டார் சைக்கிள்காரன் அவளுக்கு முன்னால் போய்க் கடைகளைக் காட்டுவதாகச் சொன்னான். நுஸ்ரா அந்தப் பெண்ணின் பின்னால் நடந்தாள். அறுவடை முடிந்த வயல் வட்டையின் ஓரமாக ஒரு மண்பாதை போனது. அந்தப் பெண் எட்டி நடக்க, நுஸ்ரா கிட்டத்தட்ட ஓடினாள். இனி யார் கவனித்தால் என்ன.

வேலியோடு இருந்த சிறிய கல்வீடு. உள்ளே பாயில் குழந்தை கிடந்தது. ஒரு வயதும் ஆகாத ஆண் குழந்தை. கண்கள் பாதி மூடியிருந்தன. உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. புதிதாக யாரோ வந்து குனிந்ததைக்கூட அது பொருட்படுத்தவில்லை.

சுகந்தினி இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதுப் பெண். நுஸ்ரா சொல்வதை முதலில் அவள் புரிந்துகொள்ளவில்லை.

“நான் ஒழுங்காத்தான் கரைச்சுக் குடுத்தன்” என்றாள். “சத்தி எடுத்து எடுத்துப் பிள்ள களைச்சுப்போயிற்று. மறுகா உடம்பு தேறட்டுமெண்டு ரெண்டு கரண்டி கூடப் போட்டு…”

அவள் நிறுத்தினாள். நுஸ்ராவின் முகத்தில் எதையோ கண்டுவிட்டாள்.

“மாவாலயா?” என்றாள். “மாவாலயா சத்தி எடுத்த?”

“ஓம்” என்றாள் நுஸ்ரா.

சுகந்தினி பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் நுஸ்ராவைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். “அவர் வட்டைக்குப் போயிற்றார். நான் இப்ப எங்க போக? எப்பிடிப் போக?”

நுஸ்ரா ஜிப்ரியை அழைத்தாள். சிக்னல் இல்லை. முற்றத்துக்கு ஓடினாள். இல்லை. வேலிக்கு வெளியே மண்பாதையில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு கோடு வந்தது, போனது. பின்னால் சுகந்தினி பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. “அபிஷன், இஞ்ச பாருங்க. அம்மாவப் பாருங்க.” பிள்ளை பதிலுக்கு முனகக்கூட இல்லை. நுஸ்ராவுக்குத் தெரிந்த துஆ எல்லாம் மறந்துபோயிருந்தன. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பது மட்டும் வாயில் வந்தது. வாய்க்கால் மதகின் மேல் ஏறி நின்றபோது மணி அடித்தது.

“ஜிப்ரி, எங்க நிக்கிறீங்க? எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க. ஒரு புள்ளயக் கொண்டுபோகணும்.”

அவன் வந்து சேரும்வரை பட்ட பாட்டை அவள் பிறகு யாருக்கும் சொன்னதில்லை. வான் வந்ததும் பின் கதவைத் திறந்து, மீட்ட பெட்டிகளுக்கு நடுவே மூவரும் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் மஞ்சள் பெட்டிகள். எல்லாவற்றிலும் சிரிக்கிற குழந்தையின் படம். ஜிப்ரி குழிகளைப் பார்க்காமல் ஓட்டினான். மண்முனைப் பாலத்தில் ஏறும்போது அபிஷன் உடம்பை முறுக்கி வாந்தியெடுத்தான். கோப்பித்தூள் கரைத்தது போல இருந்தது அது. நுஸ்ராவின் மடியெல்லாம் நனைந்தது.

“சாகப்போகுதா?” என்று சுகந்தினி கேட்டாள். வானின் இரைச்சலில், அக்கம்பக்கம் விசாரிப்பதைப் போலச் சாதாரணமாக அதைக் கேட்டாள்.

“இல்ல” என்றாள் நுஸ்ரா. அவளுக்கு அது தெரியாது. தெரியாததைச் சொன்னோம் என்ற பயம் மற்ற எல்லாப் பயத்தையும்விடப் பெரிதாக அவளுடைய நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் பிள்ளையை வாங்கினார். “வயிற்றோட்டமா?” என்று கேட்டார்.

“இரும்பு” என்றாள் நுஸ்ரா. “இரும்பு கூடிப்போயிற்று டொக்டர்.” எவ்வளவு மாவில் எவ்வளவு தூள், ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம், தாய் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கொடுத்தாள் என்று அவள் கடகடவென்று சொன்னாள். வரும் வழியிலேயே சுகந்தினியிடம் கேட்டுக் கைப்பேசியில் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். டொக்டர் அவளை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க யார்?”

“அந்த அளவப் பிழையாப் போட்டது நான்தான்.”

அவர் தாதியைக் கூப்பிட்டு, இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, இரும்பை வெளியேற்றுகிற ஏதோ ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி அது எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னார். திரை இழுபட்டது. சுகந்தினியை உள்ளே விட்டார்கள். நுஸ்ரா நடைபாதையில் நின்றாள். உடுப்பில் கோப்பித்தூள் நிறம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

பொழுதுபடும் நேரத்தில் யசோதினி அழைத்தாள். படுவான்கரையில் கிடைத்த கடைகளிலெல்லாம் எடுத்தாகிவிட்டது, விற்றவை போன வீடுகளுக்கு மோட்டார் சைக்கிள்காரர்கள் பிரிந்து போயிருக்கிறார்கள் என்றாள். “பெட்டி எல்லாம் சரியா வந்ததா?” என்று நுஸ்ரா கேட்டாள். “இன்னும் மூணு பெட்டி தெரியா” என்றாள் யசோதினி. அந்த மூன்றும் அடுத்த நாள் மத்தியானம்தான் கிடைத்தன, ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில், உடைக்காமல். அதுவரைக்கும் கைப்பேசி அதிர்ந்தபோதெல்லாம் நுஸ்ரா எழுந்து நின்றாள்.

இரு கரையிலும் சத்தி, வயிற்றுவலி என்று பிள்ளைகள் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். பெரும்பாலானவர்களை மாவை நிறுத்தச் சொல்லி, பார்த்துவிட்டு அனுப்பினார்கள். சிலரை மறித்து வைத்திருந்தார்கள். யாரும் சாகவில்லை. அபிஷன் அதிதீவிரப் பிரிவுக்குப் போய்த் திரும்பினான். ஈரல் தப்பிவிட்டது என்று டொக்டர் சொன்னார்.

தொழிற்சாலையைப் பரிசோதகர் வந்து மூடினார். பொலிஸார் வாக்குமூலம் எடுத்தார்கள். நுஸ்ரா நடந்ததை நடந்தபடி சொன்னாள், கட்டைவிரல் படம் உட்பட. ஹாஜியார் அவளுக்குப் பக்கத்துக் கதிரையிலேயே உட்கார்ந்திருந்து, “அந்த முறையத் தொடங்கச் சொல்லி அவசரப்படுத்தினது நான். அதையும் எழுதுங்க” என்றார். வழக்கு இருக்கிறது. கொழும்பிலிருந்து றிஸ்வி வந்து பார்த்துவிட்டு, மென்பொருளில் பிழையில்லை, கொடுத்ததைத்தான் செய்திருக்கிறது என்றான். அவன் சொன்னது சரிதான். “நிறையை எழுதாம விட்டா அந்தப் பெட்டியத் தாண்டிப் போக விடாதமாதிரிச் செய்ய ஏலுமா?” என்று நுஸ்ரா கேட்டாள். ஏலும், முதலிலேயே கேட்டிருந்தால் அன்றைக்கே செய்திருக்கலாம் என்றான். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிறை என்று அவளும் யசோதினியும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். ஓர் இலக்கத்தை அடித்துவிட்டு அவள் உறுதிப்படுத்து என்ற பொத்தானில் விரலை வைத்தபடி வெகுநேரம் இருப்பாள். யசோதினி அவசரப்படுத்துவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவள் ஒவ்வொரு நாளும் போனாள். சுகந்தினி அவளோடு பேசுவதில்லை. வட்டையிலிருந்து வந்திருந்த கணவன் அவளைக் கண்டால் எழுந்து வெளியே போய்விடுவான். நுஸ்ரா கட்டில் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள்.

பிள்ளைக்கு இனிக் கஞ்சி கொடுக்கலாம் என்று டொக்டர் சொன்ன மறுநாள், நஸீபா வீட்டில் அரிசிக் கஞ்சி வடித்துப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தாள். நுஸ்ரா அதைக் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்து மேசையில் வைத்தாள். அபிஷன் தாயின் மடியில் உட்கார்ந்து, போத்தல் மூடியை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். கை இன்னும் மெலிவாகத்தான் இருந்தது. ஆனால் பிடிக்கப் பார்த்தான்.

சுகந்தினி மூடியைக் கழற்றினாள். மோந்து பார்த்தாள். ஒரு கோப்பையில் ஊற்றினாள். பிள்ளையிடம் கொண்டுபோகவில்லை. நுஸ்ராவிடம் நீட்டினாள்.

“முதல்ல நீங்க குடிங்க.”

வார்ட்டிலிருந்த மற்றத் தாய்மார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நுஸ்ரா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். கஞ்சி இன்னும் சூடாக இருந்தது. அவள் நின்றபடியே முழுவதையும் குடித்து முடித்தாள்.

சுகந்தினி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கோப்பையைத் திருப்பி வாங்கி, கழுவி, பிள்ளைக்குக் கொஞ்சமாக ஊற்றினாள்.

“நாளைக்கும் கொண்டுவாங்க” என்றாள். “நாளைக்கும் நீங்கதான் முதல்ல குடிக்கணும்.”